சுமைதாங்கிக் கற்களைத் தேடிப் படமெடுத்தல்

சுமைதாங்கி என்பது தலைச்சுமையுடன் நடந்து செல்வோர் இளைப்பாறுவதற்காகப் பாதையோரத்தில் நாட்டப்பட்ட கல் அமைப்பு ஆகும். நிற்கும் இரு கற்களின் மேல் ஒரு கல் கிடத்தப்பட்டிருக்கும். சுமையைத் தரையில் இறக்கினால் மீண்டும் தலைக்கு ஏற்ற இன்னொருவர் கை வேண்டும். தோளுயரக் கல்லில் வைத்தால் தாமே ஏற்றிக்கொள்ளலாம். கருவுற்ற நிலையில் இறந்த பெண்ணின் நினைவாக இக்கல்லை நாட்டும் வழக்கம் தமிழ்நாட்டில் இருந்தது. அவள் இறக்கி வைக்காமல் போன சுமைக்கு ஈடாக ஊராரின் சுமையைக் கல் தாங்கியது. சில கற்களில் பெயரும் ஆண்டும் வெட்டப்பட்டிருக்கும். பல பெண்களைப் பற்றி எழுத்தில் எஞ்சியிருப்பது அவ்வளவுதான்.

சாலையை அகலப்படுத்தும்போது இவை எளிதில் பெயர்த்தெறியப்படுகின்றன. ஆகவே படம் எடுத்து வைப்பது அவசரமான வேலை.

குடும்பத்தினருடனோ நண்பர்களுடனோ செல்வது நல்லது. பழைய சந்தை வழிகளிலும் குளக்கரைகளிலும் தேடலாம். ஒருவர் படமெடுக்கையில் மற்றவர் அவ்வூர் முதியவர்களிடம் கல்லின் கதையைக் கேட்கலாம். உச்சி வெயிலில் எழுத்துகள் தெளியா, காலை, மாலைச் சாய்வெயிலில் வெட்டுகளில் நிழல் விழுந்து படிக்க வரும். எழுத்தின் மேல் சுண்ணாம்போ எண்ணெயோ பூசக் கூடாது. பெரியவர் ஒருவரைக் கல்லருகே நிறுத்தி ஒரு படம் எடுத்தால் உயரம் விளங்கும். ஊர்ப்பெயர், நாள், இருப்பிடம் ஆகியவற்றைப் படத்துடன் அன்றே குறித்து வைக்க வேண்டும்.