ஆலோசகரின் வரம்பு

நம் சங்க நண்பர்கள் சிலர் படிப்பு முடிந்ததும் நிறுவனங்களுக்கு ஆலோசனை கூறும் தொழிலுக்குச் செல்கிறார்கள். அதற்கு வேண்டியது கூரிய அறிவு ஒன்றே என்று எண்ணுவோர் பலர். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எதைச் செய்வோம், எதைச் செய்யோம் என்று முதல் நாளே வரையறுப்பதில் பாதி வேலை அடங்கியிருக்கிறது.

சென்ற விடுமுறையில் பயிற்சிக்காக ஒரு தொழிற்சாலைக்குச் சென்றிருந்தேன். கிடங்கிலிருந்து சரக்கு வெளியேறத் தாமதம் ஏன் என்று கண்டறிவதே எங்கள் குழுவின் பணி. மூன்றாம் வாரம் மேலாளர் எங்களை அழைத்து, கிடங்கில் யார் யார் சோம்பேறிகள் என்று ஒரு பட்டியல் கேட்டார். கேட்பதற்கு மிகச் சிறிய உதவிதான்! ஆனால் அதில் ஏறும் ஒவ்வொரு பெயரும் ஒரு குடும்பத்தின் சோறு அல்லவா? ஊழியர்கள் எங்களிடம் மனம்விட்டுப் பேசியது சரக்கைப் பற்றித்தான். எங்கள் குழுத் தலைவர் ஒப்பந்தத்தை எடுத்துக் காட்டினார். தனி ஆட்களை மதிப்பிடுவது இப்பணியில் சேராது என்று ஒரு வரி அதில் இருந்தது. பேச்சு அத்துடன் நின்றது. அவ்வரி இல்லையேல், மறுப்பது மேலாளரோடு பகைத்துக்கொள்வதாக முடிந்திருக்கும்.

இதற்கு நல்ல முன்மாதிரி ஒன்று லண்டனில் உண்டு. 1948இல் டாவிஸ்டாக் நிலையத்தைச் சேர்ந்த எலியட் ஜாக்ஸ் என்பவர், பேரிங்குகள் செய்யும் கிளேசியர் உலோகக் கம்பெனியில் தம் குழுவுடன் ஆராய்ச்சி தொடங்கினார். நிர்வாகம் இசைந்தால் மட்டும் போதாது, தொழிலாளரின் பேராளர்களும் அமர்ந்திருந்த ஆலை மன்றமும் இசைய வேண்டும் என்றார்கள். மறைவாக எதுவும் செய்யோம் என்றார்கள். ஒரு பிரிவினரைப் பற்றி, அவர்கள் இல்லாத இடத்தில், அவர்கள் சம்மதமின்றிப் பேசவும் மறுத்தார்கள். வெளியிலிருந்து வருபவனை முதலாளியின் ஒற்றன் என்று ஐயுறுவது தொழிலாளர் இயல்பு. அதற்கு இதைவிட நல்ல மருந்து எனக்குத் தெரியவில்லை. அந்த அனுபவத்தை ஜாக்ஸ் 1951இல் நூலாகவே வெளியிட்டார்.

வரம்பை எழுதும்போது கூலியையும் நாளையும் யாரும் மறப்பதில்லை. மறப்பது வேறு: அறிக்கை யார் கைக்குப் போகும்? எந்தக் கணக்கேடுகளைப் பார்க்கலாம்? முடிவு செய்பவர் யார்? (ஆலோசகர் அல்லர் என்பதையும் எழுதிவிடுவது நலம்.) "அப்படியே இதையும் பார்த்துவிடுங்களேன்" என்று இடையில் ஒருவர் கேட்பது உறுதி. முடியாது என்று முறுக்கிக்கொள்ள வேண்டியதில்லை. புதிய வேலைக்கு எத்தனை நாள், எவ்வளவு தொகை என்று தனித்தாளில் எழுதிக் கொடுத்தால் போதும். அதைப் படித்ததும் பாதிப் பேர் கேட்டதையே விட்டுவிடுகிறார்கள்.