உங்களுக்குத் தெரியுமா? – 'காம்போசிஷன்' ஸ்பெஷல்

பள்ளிக்கூடத்தில் காம்போசிஷன் என்றால் கட்டுரை நோட்டு. கச்சேரியில் கீர்த்தனை. நகைக்கடையில் கலப்பு. ஆடிட்டரிடம் போனால் வரி! இத்தனை இடத்திலும் சங்கதி ஒன்றே: எதை, எவ்வளவு, எந்த வரிசையில் சேர்ப்பது? அளவோ வரிசையோ கொஞ்சம் மாறினாலும் கையில் கிடைப்பது வேறு பொருள். அப்படிச் சில சுவாரசியங்கள் இங்கே.

● தலைகீழாகப் படித்தவர்கள்

கணினி வருவதற்கு முன் அச்சகத்தில் 'கம்போசிங்' என்றால் ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி அடுக்குவது. கம்பாசிட்டரின் இடது கையில் எழுத்து அடுக்கும் 'ஸ்டிக்' இருக்கும். வலது கை, 'கேஸ்' எனப்படும் எழுத்துப் பெட்டியின் அறைகளில் துழாவி எழுத்தை எடுக்கும். கண் மட்டும் கையெழுத்துப் பிரதியை விட்டு அகலாது. எழுத்துகள் கண்ணாடியில் தெரிவதுபோல் திருப்பி வார்க்கப்பட்டவை. எனவே அடுக்கிய வரியைத் தலைகீழாக வைத்து, இடமிருந்து வலமாகப் படித்துப் பழகியிருப்பார்கள். அச்சடித்து முடிந்ததும் எல்லாவற்றையும் பிரித்து அந்தந்த அறையில் திரும்பப் போட வேண்டும். இன்று கதைக்கு உதவிய 'க', நாளை கல்யாணப் பத்திரிகைக்கு! 'பாலும் பாவையும்' நாவலை எழுதிய விந்தன், கம்பாசிட்டராக வேலை பார்த்து எழுத்தாளரானவர்.

● 13 எழுத்துகளின் விடுதலை

பழைய புத்தகங்களில் ணா, றா, னா ஆகியவற்றுக்குச் சுழித்த வடிவமும், ணை, லை, ளை, னை ஆகியவற்றுக்குத் தும்பிக்கை போன்ற கொம்பும் இருந்ததைப் பார்த்திருப்பீர்கள். இவற்றோடு ணொ, றொ, னொ, ணோ, றோ, னோ சேர்ந்து மொத்தம் 13. இவற்றுக்காகத் தனி அச்சு வார்த்து, கேஸில் தனி இடமும் ஒதுக்க வேண்டியிருந்தது. மற்ற எழுத்துகளைப் போலவே துணைக்காலும் ஐகாரக் குறியும் சேர்த்து எழுதலாம் என்று பெரியார் 1935-இல் தம் ஏடுகளில் நடைமுறைப்படுத்திக் காட்டினார். தமிழக அரசு அதை ஏற்று ஆணையிட்டது 1978-இல்.

● ஒரே 'கொ', இரண்டு பிறப்பு

ஈய எழுத்து போனாலும் அடுக்கும் வேலை போகவில்லை. யூனிகோடில் 'கொ' என்ற எழுத்தை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். 'க'வுடன் ஒகரக் குறியை ஒரே குறியீடாகச் சேர்ப்பது ஒரு வழி. ஒற்றைக் கொம்பு, துணைக்கால் என்று இரண்டு குறியீடுகளாகச் சேர்ப்பது இன்னொரு வழி. திரையில் இரண்டும் அச்சு அசலாக ஒன்றுபோலவே தெரியும். ஆனால் முதலாவதில் இரண்டு குறியீடுகள், அடுத்ததில் மூன்று. இரண்டும் சமம் என்று யூனிகோடு சொல்லிவிட்டது. அதைக் கவனிக்காமல் எழுதப்பட்ட மென்பொருளில் 'கொடி' என்று தேடினால், கண்ணெதிரே இருக்கும் 'கொடி'யே சிக்காமல் போகலாம்.

● 916 எங்கிருந்து வந்தது?

24 காரட் என்பது முழுத் தங்கம். நகைக்கு அது மிகவும் மிருது என்பதால் செம்பு, வெள்ளி போன்றவற்றைச் சேர்க்கிறார்கள். 22 காரட் என்றால் 24 பங்கில் 22 பங்கு தங்கம். 22-ஐ 24-ஆல் வகுத்து ஆயிரத்தால் பெருக்கினால் 916 சொச்சம். நகையில் பொறித்திருக்கும் எண் அதுதான். 8 கிராம் பவுனில் தங்கம் ஏறத்தாழ 7.33 கிராம். 18 காரட் நகையில் 750 என்று இருக்கும். 2023 ஏப்ரல் 1 முதல் ஹால்மார்க் நகைகளில் எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க ஹெச்.யு.ஐ.டி. அடையாளமும் கட்டாயம்.

● சோம்பேறி வாயு மாட்டிக்கொண்ட கதை

காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன், 21 சதவீதம் ஆக்சிஜன். மீதி ஒரு சதவீதம்? பல காலம் யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. காற்றிலிருந்து பிரித்த நைட்ரஜன், ரசாயன முறையில் தயாரித்த நைட்ரஜனைவிடத் துளி கனமாக இருப்பதை இங்கிலாந்தின் ராலே பிரபு கவனித்தார். வித்தியாசம் அரை சதவீதம்தான். எடை போட்டதில் பிழை என்று தள்ளிவிடாமல், வில்லியம் ராம்சேயுடன் சேர்ந்து துருவினார். 1894-இல் சிக்கியது ஆர்கான். எதோடும் எளிதில் சேராததால் கிரேக்க மொழியில் 'சோம்பேறி' என்றே பெயர் வைத்தார்கள். 1904-இல் ராலேக்கு இயற்பியல் நோபல், ராம்சேக்கு வேதியியல் நோபல்.

● ஒரு பூ அல்ல, ஒரு கூட்டம்

சூரியகாந்தியை ஒரு பூ என்றுதானே நினைக்கிறீர்கள்? நடுவட்டத்தில் நெருக்கியடித்து நிற்கும் ஒவ்வொரு புள்ளியும் தனிப் பூ. சுற்றியுள்ள ஒவ்வொரு மஞ்சள் இதழும் தனிப் பூ. ஒரு தலையில் இப்படி ஆயிரத்துக்கும் மேல் இருக்கலாம். விதையாவது நடுவில் உள்ளவை; ஓரத்தில் இருப்பவை வண்டுகளைக் கூப்பிடும் விளம்பரம் மட்டுமே. தாவரவியலார் இந்தக் குடும்பத்துக்கு வைத்த பழைய பெயர் 'கம்பாசிட்டே'. சாமந்தி, கரிசலாங்கண்ணி, வெட்டுக்காயப் பூண்டு, ஊரெல்லாம் பரவிக் கிடக்கும் பார்த்தீனியம் எல்லாம் இந்த வீட்டுப் பிள்ளைகள்தான்.

● தக தகிட கணக்கு

கணிதத்தில் காம்போசிஷன் என்பது ஓர் எண்ணை வரிசை மாற்றி மாற்றிக் கூட்டலாக உடைப்பது. 1+3 வேறு, 3+1 வேறு. 4-ஐ இப்படி 8 வழிகளில் உடைக்கலாம். 5-ஐ 16 வழிகளில். 10-ஐ 512 வழிகளில். எண் ஒன்று கூடும்போதெல்லாம் வழி இரட்டிப்பாகும்.

மிருதங்கக்காரருக்கு இது பாடப்புத்தகம் இல்லாமலே தெரியும். 'தக தகிட' என்றால் 2+3, அதாவது ஐந்தின் தாளக்கட்டான கண்டம். 'தகிட தகதிமி' என்றால் 3+4, மிஸ்ரம். 'தகதிமி தக தகிட' என்றால் 4+2+3, சங்கீர்ணம். அதே ஐந்தை 'தகிட தக' என்று 3+2 ஆகத் திருப்பினால், எண்ணிக்கை மாறாது, ஓட்டம் மாறிவிடும்.

1, 2 ஆகிய இரண்டை மட்டும் வைத்து உடைத்தால்? 4-க்கு 5 வழி, 5-க்கு 8 வழி, 6-க்கு 13 வழி. ஆம், ஃபிபனாச்சி எண்கள்! குறில், நெடில் மாத்திரைகளைக் கொண்டு யாப்பைக் கணக்கிட்ட விரகாங்கரும், 1150-ஐ ஒட்டி ஹேமசந்திரரும் இந்த வரிசையை எழுதிவிட்டார்கள். ஃபிபனாச்சியின் புத்தகம் வந்தது 1202-இல்.

● பாட்டுக்குள் கையெழுத்து

கர்நாடக சங்கீதத்தில் பாட்டின் முடிவை ஒட்டி இயற்றியவரின் முத்திரை வரும். தியாகராஜர் தம் பெயரையே வைத்தார். சியாமா சாஸ்திரிக்கு 'சியாமகிருஷ்ண', முத்துசுவாமி தீட்சிதருக்கு 'குருகுஹ'. தீட்சிதர் ஒரு படி மேலே போய், பல கீர்த்தனைகளில் ராகத்தின் பெயரையும் பொருள் கெடாமல் வரிக்குள் கோத்துவிட்டார். சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனி பேண்டு வாத்தியத்தில் கேட்ட மெட்டுகளுக்கு சமஸ்கிருத வரிகள் அமைத்தவரும் அவரே. அவை 'நோட்டுஸ்வரம்' எனப்படும். அவற்றில் ஒன்றின் மெட்டு, பிரிட்டிஷ் தேசிய கீதத்தினுடையது!

● வாசிக்காமலே ஒன்று, வாசித்து முடியாமல் ஒன்று

அமெரிக்காவின் ஜான் கேஜ் எழுதிய '4 நிமிடம் 33 விநாடி' என்ற படைப்பில் வாத்தியக்காரர் ஒரு ஸ்வரமும் வாசிக்க மாட்டார். 1952 ஆகஸ்ட் 29 அன்று நியூயார்க் மாநிலத்தின் உட்ஸ்டாக்கில் டேவிட் டியூடர் பியானோ முன் உட்கார்ந்து, மூடியை மூடித் திறந்தே மூன்று பகுதிகளையும் 'வாசித்தார்'. அரங்கில் கேட்ட சத்தங்களே சங்கீதம்.

அதே கேஜின் இன்னொரு படைப்புக்கு 'முடிந்தவரை மெதுவாக' என்று குறிப்பு. ஜெர்மனியின் ஹால்பர்ஸ்டாட் தேவாலயத்தில் 2001-இல் தொடங்கி இப்போதும் ஒலித்துக்கொண்டிருக்கிறது. முடியும் ஆண்டு 2640. ஆர்கனில் ஸ்வரம் மாறவே பல மாதங்கள், சில சமயம் ஆண்டுகள் ஆகும். அதைக் கேட்கவே கூட்டம் கூடுகிறது.

● நொட்டேஷன் தெரியாதா? பரவாயில்லை

மெட்டைத் தாளில் எழுதத் தெரியாதவர் இசையமைப்பாளர் ஆக முடியுமா? இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி முடியும். இசையை உருவாக்கியவரே இசையமைப்பாளர். அதை அவர் குறியீடுகளில் எழுதி வைத்தாரா என்பது பொருட்டல்ல என்று சட்டமே சொல்கிறது. ஒரு சினிமாப் பாட்டில் மெட்டு, வரிகள், ஒலிப்பதிவு மூன்றும் மூன்று தனி உரிமைகள். மெட்டுக்கும் வரிகளுக்கும் உரிமை, படைத்தவர் காலம் முழுவதும், அதற்குப் பின் 60 ஆண்டுகளும் நீடிக்கும்.

● தலைகீழாகத் தொங்கிய ஓவியம்

ரஷ்ய ஓவியர் கண்டின்ஸ்கி தம் மிகப் பெரிய முயற்சிகளுக்கு மட்டுமே 'காம்போசிஷன்' என்று எண்ணிட்டுப் பெயர் வைத்தார். 1910 முதல் 1939 வரை வரைந்தவை பத்துதான். முதல் மூன்றும் இரண்டாம் உலகப் போரில் அழிந்துபோயின.

டச்சு ஓவியர் மாண்ட்ரியன் கோடுகளும் கட்டங்களுமாக வரைந்தவர். 1941-இல் வண்ண நாடாக்களை ஒட்டி அவர் செய்த 'நியூயார்க் சிட்டி 1' பல பத்தாண்டுகளாகத் தலைகீழாகவே மாட்டப்பட்டிருந்தது என்று 2022-இல் ஜெர்மனியின் டியூசல்டார்ஃப் அருங்காட்சியகம் அறிவித்தது. அவருடைய ஸ்டூடியோவில் எடுத்த பழைய புகைப்படம் ஒன்றில் அது வேறு மாதிரி நின்றது. இப்போதாவது திருப்பினார்களா? இல்லை. திருப்பினால் நாடா உரிந்து விழுந்துவிடும்!

● போன் கேமராவின் கட்டங்கள்

செல்போன் கேமராவில் 'கிரிட்' போட்டால் திரை ஒன்பது கட்டமாகப் பிரியும். முகத்தையோ கோபுரத்தையோ நட்டநடுவில் வைக்காமல், கோடுகள் வெட்டும் இடத்தில் வைத்தால் படம் எடுபடும் என்பது அதன் கணக்கு. இந்த 'மூன்றில் ஒரு பங்கு' விதியை ஜான் தாமஸ் ஸ்மித் என்ற ஆங்கில ஓவியர் புத்தகத்தில் எழுதியது 1797-இல். அப்போது புகைப்படமே பிறக்கவில்லை.

● ஆடாமலே கிராண்ட்மாஸ்டர்

'வெள்ளை ஆடி இரண்டு நகர்த்தலில் மேட்' என்று பத்திரிகைகளில் வரும் சதுரங்கப் புதிருக்கும் காம்போசிஷன் என்றே பெயர். நல்ல புதிருக்கு ஒரே ஒரு தொடக்க நகர்த்தலே விடையாக இருக்க வேண்டும். இதில் தேர்ந்தவர்களுக்கு சர்வதேச கிராண்ட்மாஸ்டர் பட்டமே உண்டு. 'லோலிடா' நாவலை எழுதிய நபகோவ் இதில் பைத்தியம். தம் கவிதைத் தொகுப்பு ஒன்றில் தாம் அமைத்த 18 சதுரங்கப் புதிர்களையும் சேர்த்துவிட்டார்.

● ஐ.பி. கொடுத்தவருக்கு ஒரு வழி

கடனைக் கட்ட முடியாமல் 'ஐ.பி. கொடுத்துட்டார்' என்கிறோமே, அது 'இன்சால்வென்சி பெட்டிஷன்'. அந்தச் சட்டத்திலும் காம்போசிஷன் வருகிறது. முழுத் தொகைக்குப் பதில் ஒரு பங்கை வாங்கிக்கொண்டு கணக்கை முடித்துக்கொள்ள கடன் கொடுத்தவர்கள் ஒப்புக்கொண்டால், நீதிமன்றம் அதை ஏற்கலாம். ரூபாய்க்கு நாலணாவாவது தேறியதே என்ற சமாதானம்.

● பில்லைப் பாருங்கள்!

ஆண்டு விற்றுமுதல் ஒன்றரைக் கோடி ரூபாய்க்குள் இருக்கும் பெரும்பாலான சிறு வியாபாரிகள் ஜிஎஸ்டியில் 'காம்போசிஷன் ஸ்கீம்' எடுத்துக்கொள்ளலாம். கடைக்காரர் விற்றுமுதலில் 1 சதவீதமும், ஓட்டல்காரர் 5 சதவீதமும் தம் கையிலிருந்து கட்டிவிட வேண்டும். ஐஸ்கிரீம், பான் மசாலா, புகையிலைப் பொருள் தயாரிப்பவர்களுக்கு இது கிடையாது.

நமக்கு முக்கியமானது இதுதான்: இந்தத் திட்டத்தில் இருப்பவர் வாடிக்கையாளரிடம் ஜிஎஸ்டி என்று தனியாக ஒரு பைசாகூட வாங்கக் கூடாது. தாம் காம்போசிஷன் வரியாளர் என்பதைக் கடையில் எல்லோர் கண்ணிலும் படும்படி எழுதி வைக்க வேண்டும். பில்லின் தலைப்பிலும் வரி வசூலிக்கத் தமக்குத் தகுதியில்லை என்று அச்சிட வேண்டும். பில்லில் உள்ள ஜிஎஸ்டி எண்ணை ஜிஎஸ்டி இணையதளத்தில் போட்டால், அவர் 'ரெகுலரா', 'காம்போசிஷனா' என்று உடனே தெரிந்துவிடும். காம்போசிஷன் என்று காட்டி, பில்லிலும் வரி போட்டிருந்தால், கூச்சப்படாமல் திருப்பிக் கேளுங்கள்.