நேர்முடிவெல்லாம் நோயாகுமா?

மழைக்காலம் வந்தால் கடலூரிலும் சிதம்பரத்திலும் காய்ச்சலும் உடன் வரும். 2015ஆம் ஆண்டின் இறுதியில் கடலூர் மாவட்டத்தைச் சூழ்ந்த பெருவெள்ளத்தை எவரும் மறந்திலர். குடிநீரில் கழிவுநீர் கலக்கும் காலங்களில் டைபாய்டு பற்றிய அச்சம் இயல்பே. உடனே இரத்தப் பரிசோதனை நிலையத்தை நாடுகிறோம். 'வைடால் பாசிட்டிவ்' என்று தாளில் கண்டதும் குடும்பமே கலங்குகிறது. அச்சொல் நோயை உறுதி செய்துவிடுமா?

சோதனையின் இயல்பு

பிரெஞ்சு மருத்துவர் வைடால் 1896இல் வெளியிட்ட சோதனை இது. டைபாய்டுக் கிருமி உட்புகுந்தால் உடல் எதிர்ப்பொருளை உண்டாக்குகிறது. கொல்லப்பட்ட கிருமிகள் அடங்கிய கலவையில் நோயாளியின் இரத்தத் தெளிநீரைச் சேர்க்க, அவை திரளுமாயின் எதிர்ப்பொருள் உண்டென்று கொள்வர். கண்ணாடித் தட்டின்மேல் செய்தால் சில நிமிடங்களில் முடிவு கிட்டும். ஆயினும் இது காட்டுவது எதிர்ப்பொருளையேயன்றிக் கிருமியை அன்று. முன்பு வந்துபோன டைபாய்டு, தடுப்பூசி, அவ்வினத்தைச் சார்ந்த பிற கிருமிகள், சிலபோது மலேரியா ஆகியவையும் இத்திரட்சியைத் தோற்றுவிக்கலாம். இதுவே பொய் நேர்முடிவு.

கணக்கு கூறும் உண்மை

எடுத்துக்காட்டாக, காய்ச்சலுற்ற 1000 பேரில் 20 பேருக்கே டைபாய்டு எனக் கொள்வோம். ஒரு சோதனை அவர்களுள் 18 பேரைக் கண்டறிகிறது. நோயற்ற 980 பேரில் நூற்றுக்குப் பத்து வீதம் 98 பேரையும் நோயாளர் என்கிறது. நேர்முடிவு பெற்ற 116 பேரில் உண்மை நோயாளர் ஆறில் ஒருவர்கூட இல்லை! கிருமியின் பொருளையே நேரடியாகத் தேடும் விரைவுச் சோதனைகளுக்கும் இக்கணக்கு பொருந்தும். நோய் அரிதாகுந்தோறும் பொய் முடிவின் பங்கு பெருகும்.

விளைவும் தெளிவும்

டைபாய்டு என்று கருதியிருக்க, டெங்குவோ எலிக்காய்ச்சலோ மறைந்து முற்றக்கூடும். வேண்டாத ஆன்டிபயாடிக் மருந்துகளால் கிருமிகள் அம்மருந்துகளை வெல்லும் திறன் பெறுகின்றன. காசநோய்க்கான எதிர்ப்பொருள் இரத்தச் சோதனைகள் பிழையான முடிவுகளைத் தந்தமையால், அவற்றைப் பயன்படுத்த வேண்டாவென உலக சுகாதார நிறுவனம் 2011இல் அறிவித்தது. இந்திய அரசு 2012இல் அவற்றைத் தடை செய்தது.

டைபாய்டை உறுதி செய்யச் சிறந்த வழி, ஆன்டிபயாடிக் உண்ணுமுன் இரத்தம் எடுத்துக் கிருமியை வளர்த்துக் காண்பதாகும். அதற்குச் சில நாள்கள் ஆகும். அதுவும் சிலரிடம் கிருமியைத் தவறவிடுவதுண்டு. ஆதலின் தாளைக் கண்டு தாமே மருந்து வாங்குவதும், மருத்துவர் தந்த மருந்தைத் தாமே நிறுத்துவதும் தவறே. நோயையும் அதன் காரணத்தையும் ஆராய்ந்தறிந்த பின்னரே மருத்துவம் செய்க என்பது வள்ளுவர் வகுத்த நெறி. சோதனைத் தாள் ஒரு சாட்சி. நோயாளியை நேரிற்கண்டு தீர்ப்புரைக்க வேண்டியவர் மருத்துவரே.