புதிய சூரிய மின்கலம்: ஆற்றலும் ஆயுளும்

சூரிய ஒளியை மின்சாரமாக மாற்றும் தகடுகளில் பெரும்பாலானவை சிலிக்கனால் ஆனவை. சிலிக்கனை உருக்க 1,400 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பம் வேண்டும். இதற்குத் துணையாகவும் மாற்றாகவும் இன்று பேசப்படுவது பெரோவ்ஸ்கைட் மின்கலமாகும். 1839இல் உரல் மலைப் பகுதியில் கண்டறியப்பட்ட கனிமம் ஒன்றின் பெயரே இது. அதே பளிங்கு அமைப்புக் கொண்ட சேர்வைகளைக் கரைசலாக்கி, கண்ணாடியில் மெல்லிய படலமாகப் பூசி, ஏறத்தாழ 100 முதல் 150 பாகை வெப்பத்தில் உலர்த்தினாற் போதும்.

2009இல் யப்பானியப் பேராசிரியர் மியாசாகாவின் குழுவினர் அமைத்த கலம், தன்மேல் விழுந்த ஒளிச்சக்தியில் 3.8 சதவீதத்தையே மின்சாரமாக்கியது. இன்று ஆய்வுகூடங்களில் இவ்வினைத்திறன் 26 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. சிலிக்கன் மேல் இப்படலத்தை அமைத்த இரட்டைக் கலங்கள் 34 சதவீதத்தையும் கடந்துள்ளன.

அப்படியாயின் இவை ஏன் இன்னும் நமது கூரைகளுக்கு வரவில்லை? ஆயுள் போதாமையே காரணம். சிலிக்கன் தகடுகளுக்கு வழக்கமாக 25 ஆண்டு உத்தரவாதம் உண்டு. பெரோவ்ஸ்கைட்டோ ஈரம், வெப்பம், ஒட்சிசன், புறஊதாக் கதிர் ஆகியவற்றாற் சிதைவடைகிறது. பளிங்குமணிகள் ஒன்றோடொன்று சேரும் இடங்களிலுள்ள குறைகள் வழியாக ஈரம் நுழைகிறது. உண்டாகும் மின்சாரத்தின் ஒரு பகுதியும் அங்கேயே வீணாகிறது.

இதற்கு மூன்று பரிகாரங்கள் கையாளப்படுகின்றன. ஒன்று, எளிதில் ஆவியாகும் மெதைல் அமோனியத்திற்குப் பதிலாக போமமிடினியம், சீசியம் என்பவற்றைச் சேர்த்தல். இரண்டு, பளிங்கின் குறைகளைத் தகுந்த இரசாயனப் பூச்சினால் மூடுதல். இதனால் வினைத்திறனும் ஆயுளும் ஒருங்கே கூடுகின்றன. மூன்று, கலத்தைக் கண்ணாடிகளுக்கிடையே ஈரம் புகாதவாறு அடைத்தல்.

85 பாகை வெப்பத்திலும் 85 சதவீத ஈரப்பதனிலும் 1,000 மணித்தியாலம் வைத்துப் பார்ப்பது தகடுகளுக்கான சர்வதேசச் சோதனைகளுள் ஒன்று. ஆனால் 1,000 மணித்தியாலம் என்பது ஆறு கிழமைதான். 25 ஆண்டு வெயிலுக்கும் மழைக்கும் அது ஈடாகாது. மேலும், இக்கலங்களில் சிறிதளவு ஈயம் நீரிற் கரையக்கூடிய வடிவில் உள்ளது. உடைந்த தகட்டைக் கிணற்றடியில் வீசிவிட முடியாது.

2024இல் ஒக்ஸ்போர்ட் பீவீ நிறுவனம் இரட்டைக் கலத் தகடுகளை வணிக ரீதியில் அனுப்பத் தொடங்கியது. நமது கடைகளுக்கும் இவை ஒருநாள் வரலாம். கடன்பட்டு வாங்கும் குடும்பத்திற்கு, கடன் தீருமுன் தகடு பழுதானால் உயர்ந்த வினைத்திறனால் பயனில்லை. எனவே மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: எழுத்தில் எத்தனை ஆண்டு உத்தரவாதம்? அதன் முடிவில் எவ்வளவு மின்சாரம் கிடைக்கும்? பழுதான தகட்டை யார் திரும்பப் பெறுவார்? அதுவரை, இன்று கிடைக்கும் சிலிக்கன் தகட்டை நம்பி வாங்கலாம், காத்திருக்கத் தேவையில்லை.