சீருடை அணியச் செல்லும் எம் பிள்ளைகளை யார் பாராட்டுவது?

ஆண்டுதோறும் யூன் மாதம் பிறந்துவிட்டால் பிக்கரிங் நகரத்துத் தமிழ் வீடுகளிலே மகிழ்ச்சியும் பரபரப்பும் ஒருங்கே குடிகொள்ளும். டன்பாட்டன், பைன் றிட்ஜ், சென் மேரி முதலான உயர்நிலைப் பள்ளிகளில் பன்னிரண்டாம் வகுப்பை முடிக்கும் எம் பிள்ளைகள் பல்கலைக்கழக அனுமதிக் கடிதங்களோடு நிற்கும் காலம் அது. ஊர்ச் சங்கங்களும் பழைய மாணவர் சங்கங்களும் தத்தம் பரிசளிப்பு விழாக்களை எண்ணிப் பார்க்கத் தொடங்கும் காலமும் அதுவே. பொறியியலுக்குத் தெரிவானவர், கணினி விஞ்ஞானத்துக்குத் தெரிவானவர், நாளை மருத்துவராகும் நோக்குடன் உயிரியல் கற்கச் செல்பவர் என ஒவ்வொருவராய் மேடைக்கு அழைக்கப்படுவர். கேடயம் வழங்கப்படும். மண்டபம் கரவொலியால் நிறையும்.

அந்த வரிசையில் அழைக்கப்படாத ஒரு பிள்ளை மண்டபத்தின் பின்வரிசையில் அமர்ந்திருக்கக்கூடும். கிங்ஸ்ரன் நகரிலுள்ள கனடிய றோயல் இராணுவக் கல்லூரிக்குத் தெரிவான பிள்ளையே அது.

பிக்கரிங்கில் ஒரு தமிழ் வீட்டை எண்ணிப் பார்ப்போம். தாய் வடமராட்சியைச் சேர்ந்தவர். 1987ஆம் ஆண்டு மே மாத இராணுவ நடவடிக்கையின்போது கோயிலிலே தஞ்சம் புகுந்து உயிர் தப்பியவர். மகள் கடிதத்தைக் காட்டுகின்றாள். தாயின் வாயிலிருந்து ஒரே ஒரு சொல் வருகின்றது: "ஆமியோ?" அதன் பின்னர் அவ்வீட்டில் ஒரு முடிவு எடுக்கப்படுகின்றது. உறவினர் கேட்டால், "பிள்ளை கிங்ஸ்ரனிலே பொறியியல் படிக்கப் போகிறாள்" என்று தந்தை சொல்லிக்கொள்கின்றார். அது பொய்யன்று. ஆயினும் முழு உண்மையும் அன்று. தன் பெற்றோர் தன்னைப் பற்றிச் சொல்லும் அந்த அரை உண்மையை மகள் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருக்கின்றாள்.

இந்த வீடு கற்பனையே. எனினும் வாசகர்களில் எத்தனை பேருக்கு இது அயல் வீடு போலத் தோன்றும் என்பதை நாம் சொல்லத் தேவையில்லை.

எத்தகைய கல்லூரி இது?

பிக்கரிங்கிலிருந்து 401ஆம் நெடுஞ்சாலையில் கிழக்கு நோக்கி ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் பயணித்தால் கிங்ஸ்ரனை அடையலாம். அங்கே ஒன்ராறியோ ஏரிக்கரையில் அமைந்துள்ளது இக்கல்லூரி. 1876ஆம் ஆண்டு யூன் முதலாம் நாள் பதினெட்டு மாணவர்களுடன் அது தொடங்கியது. 1959இல் பட்டம் வழங்கும் உரிமையைப் பெற்றது. 1980இல் பெண்களுக்குக் கதவைத் திறந்தது. கியூபெக் மாகாணத்தின் சென் ஜோன் நகரில் 1952இல் தொடங்கப்பட்ட சகோதரக் கல்லூரி, செலவுச் சுருக்கத்தால் 1995இல் மூடப்பட்டு, 2008இல் மீண்டும் திறக்கப்பட்டது.

பட்டப்படிப்பு, இராணுவப் பயிற்சி, உடற்பயிற்சி, ஆங்கிலம் பிரெஞ்சு ஆகிய இரு மொழித் தேர்ச்சி என்ற நான்கு தூண்களின் மேல் இங்குள்ள கல்வி நிற்கின்றது. நான்கில் எதில் தவறினாலும் பிள்ளை முழுமையாகத் தேறியதாகக் கருதப்படமாட்டாது. பள்ளிப் புள்ளிகள் உயர்வாக இருந்தால் மட்டும் இடம் கிடைத்துவிடாது. மருத்துவப் பரிசோதனை, நேர்முகத் தேர்வு, பின்னணி விசாரணை ஆகியவற்றையும் கடக்கவேண்டும். இத்தனையையும் கடந்த பிள்ளையின் வெற்றி, எந்தப் பல்கலைக்கழக அனுமதிக்கும் குறைந்ததன்று.

நிரந்தரப் படை அதிகாரிகளுக்கான திட்டத்தின் கீழ் சேருவோரிடம் கல்விக் கட்டணம் அறவிடப்படுவதில்லை. மாதச் சம்பளமும் உண்டு. அதற்கு ஈடாகப் பட்டம் பெற்றபின் படையிலே பணியாற்றவேண்டும். நான்காண்டுப் படிப்புக்கு ஏறத்தாழ ஐந்தாண்டுச் சேவை என்பது பொதுவான கணக்கு. விமானிகளுக்கு இக்காலம் நீளும். எனவே இதை இலவசப் படிப்பு என்று மட்டும் எண்ணிப் பிள்ளையை அனுப்புதல் தவறு. கைச்சாத்திடுமுன் சேவைக்காலம் எவ்வளவு, எந்தக் கட்டம் வரை கடமையின்றி விலகலாம் என்பவற்றைப் பெற்றோர் பிள்ளையுடன் அமர்ந்து வரிக்கு வரி வாசித்துத் தெரிந்துகொள்ளல் வேண்டும்.

அகதிக் குடும்பங்கள் அறியவேண்டிய மற்றொரு செய்தியும் உண்டு. நெடுங்காலமாகக் கனடியக் குடியுரிமை உள்ளவர்களே பெரும்பாலும் படையிற் சேர முடிந்தது. நிரந்தர வதிவிட உரிமை பெற்றோரும் விண்ணப்பிக்கலாம் என 2022ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் அறிவிக்கப்பட்டது. அகதி விண்ணப்பம் ஏற்கப்பட்டு, வதிவிட உரிமை கிடைத்து, குடியுரிமைக்குக் காத்திருக்கும் வீட்டுப் பிள்ளைக்கும் இப்போது வழி திறந்துள்ளது.

அச்சம் வீணானதன்று

தாயின் அச்சத்தை அறியாமை என்று தள்ளிவிட எவருக்கும் உரிமையில்லை. சீருடை அணிந்தவன் வாசலில் நின்றால் வீட்டிலுள்ள இளைஞன் திரும்பி வராமற் போகலாம் என்பதை எம்மவர் நூல்களில் கற்கவில்லை, பட்டு அறிந்தனர். இலங்கை இராணுவத்தை அறிந்தனர். 1987 முதல் 1990 வரை அமைதிப்படை என்ற பெயரோடு வந்த இந்திய இராணுவத்தையும் அறிந்தனர். 2009ஆம் ஆண்டில் முள்ளிவாய்க்காலில் நிகழ்ந்ததைப் பிக்கரிங்கில் தொலைபேசியைக் கையில் பிடித்தவாறு விடிய விடிய அறிந்தவர்களும் இருக்கின்றனர். 2010 ஓகஸ்ட் மாதத்தில் 492 தமிழருடன் வந்த 'சன் சீ' கப்பலைக் கனடியக் கடற்படையே எஸ்குவைமால்ற் துறைமுகத்துக்கு அழைத்து வந்தது. அதில் வந்தோர் இந்நாட்டில் முதலிற் கண்டது சீருடையைத்தான்; அதன் பின்னர் பலர் மாதக்கணக்கில் தடுப்பிலிருந்தனர்.

ஆயினும் சீருடை தமிழருக்கு என்றுமே அந்நியமாயிருந்தது என்று சொல்வதற்கில்லை. 1949இல் உருவாக்கப்பட்ட இலங்கை இராணுவத்தின் தளபதியாக 1955இல் பொறுப்பேற்ற முதலாவது இலங்கையர் அன்ரன் முத்துக்குமாரு என்ற தமிழரே. 1960 முதல் 1970 வரை இலங்கைக் கடற்படையின் தளபதியாக விளங்கிய இராஜன் கதிர்காமரும் தமிழரே. படையிலே தமிழரின் தொகை அருகிப்போனதும், அப்படை தமிழரின் மேலேயே ஏவப்பட்டதும் பிற்காலத்துக் கதை. ஒரு நாட்டின் படையிலே அந்நாட்டின் எல்லா மக்களும் இல்லாதபோது அது யாருடைய படையாக மாறிவிடும் என்பதற்கு எம்மைவிடச் சிறந்த சாட்சிகள் உலகில் அரிது. இந்த ஒரு காரணத்துக்காகவேனும், இந்நாட்டுப் படையின் அதிகாரிகள் வரிசையில் எம் பிள்ளைகளும் நிற்பது பொருளுடையதாகும்.

குறையில்லாத படையா?

கனடியப் படை குறையற்றது என்று எவரும் கூறமுடியாது. 1993ஆம் ஆண்டு சோமாலியாவில் கனடியப் படையினர் சிலர் ஷிடேன் அரோன் என்ற பதின்ம வயதுச் சிறுவனைச் சித்திரவதை செய்து கொன்றனர். ஆனால் அதன் பின்னர் நடந்தவற்றையும் நோக்கவேண்டும். குற்றஞ்சாட்டப்பட்டோர் இராணுவ நீதிமன்றத்தின் முன் நிறுத்தப்பட்டனர். அவர்கள் சார்ந்திருந்த படையணியே 1995இல் கலைக்கப்பட்டது. பகிரங்க விசாரணை நடந்தது. அதிகாரிகள் பட்டதாரிகளாயிருத்தல் வேண்டும் என்ற வற்புறுத்தல் 1997இல் வலுப்பெற்றது. ஆயுதம் தாங்குவோருக்குக் கட்டளையிடுபவர் சிந்திக்கக் கற்றவராயிருக்கவேண்டும் என்பதே அதன் பொருள்.

2022இல் முன்னாள் உயர் நீதிமன்ற நீதியரசர் லூயிஸ் ஆர்பர் அளித்த அறிக்கை, படையிலுள்ள பாலியல் முறைகேடுகளை ஆராய்ந்து, இராணுவக் கல்லூரிகளின் சூழலையும் கடுமையாக வினவியது. அதைத் தொடர்ந்து கல்லூரிகள் தனியாக மீளாய்வு செய்யப்பட்டன. மகளை அனுப்பும் பெற்றோர் இதை அறிந்திருத்தல் வேண்டும். அறிந்தபின் கேள்வி கேட்டல் வேண்டும். கேள்வி கேட்பது பிள்ளையின் வெற்றியைக் குறைப்பதாகாது.

இதே கல்லூரியில் பட்டம் பெற்ற றொமியோ டலேர், 1994இல் றுவண்டாவிலே ஐக்கிய நாடுகள் படைக்குத் தலைமை தாங்கினார். இனப்படுகொலை நெருங்குகின்றது என்று எச்சரித்தார். மேலும் படை கேட்டார். உலகம் செவிசாய்க்கவில்லை. இருந்த படையையும் குறைத்தது. அவர் எஞ்சிய சில நூறு பேருடன் அங்கேயே நின்று ஆயிரக்கணக்கானோரின் உயிரைக் காத்தார். காக்க முடியாது போனவர்களை எண்ணி வாழ்நாள் முழுதும் வருந்தி, அதைப் பகிரங்கமாகப் பேசியும் வருகின்றார். கைவிடப்பட்ட மக்களாகிய எமக்கு இக்கதையை எவரும் விளக்கவேண்டியதில்லை. மக்களைக் கைவிட்டுச் செல்லாத ஓர் அதிகாரி எங்கோ ஒரு கல்லூரியிலே உருவாகவேண்டியிருக்கின்றது.

பாராட்டும் முறை

அமெரிக்காவில் வெஸ்ற் பொயின்ற் இராணுவக் கல்லூரி, அனாபொலிஸ் கடற்படைக் கல்லூரி, கொலராடோவிலுள்ள விமானப்படைக் கல்லூரி ஆகியவற்றிற் சேர விரும்பும் மாணவர் பெரும்பாலும் தமது தொகுதிக் காங்கிரஸ் உறுப்பினரிடமோ செனற்றரிடமோ நியமனப் பரிந்துரை பெறவேண்டும். ஆதலால் தெரிவான மாணவர்களையும் பெற்றோரையும் அவ்வுறுப்பினர்கள் அழைத்துப் பகிரங்கமாகக் கௌரவிக்கும் வழக்கம் அங்கு வேரூன்றியுள்ளது. ஊரே அப்பிள்ளையின் பெயரை அறிந்துகொள்கின்றது.

கனடாவில் அரசியல்வாதியின் பரிந்துரை தேவையில்லை. மாணவர் நேரே படையின் ஆட்சேர்ப்புப் பகுதிக்கு விண்ணப்பிக்கின்றார். சிபாரிசு இல்லாமல் தகுதியால் மட்டுமே இடம் கிடைப்பது நல்லதே. ஆனால் அதன் மறுபக்கமாக, பாராட்டும் கடமையும் எவருடைய கையிலும் ஒப்படைக்கப்படவில்லை. எனவே அக்கடமை பள்ளிக்கும் ஊருக்கும் எம் சமூகத்துக்கும் உரியதாகின்றது.

இதற்குப் பெரும் பொருட்செலவு வேண்டியதில்லை. பரிசளிப்பு விழாவிலே மற்ற மாணவரை அழைக்கும் அதே வரிசையில் இப்பிள்ளையையும் அழைக்கலாம். கல்லூரியின் பெயரை விழுங்காமல் முழுமையாக உச்சரிக்கலாம். 2025 ஏப்பிரல் பொதுத்தேர்தலில் பிக்கரிங்–புறூக்ளின் தொகுதி, யுவனிற்றா நாதன் என்ற தமிழரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியுள்ளது. பாராளுமன்ற உறுப்பினரிடமும் மாகாணசபை உறுப்பினரிடமும் மாநகர முதல்வரிடமும் வாழ்த்துப் பத்திரம் கேட்டு ஒரு கடிதம் எழுதுவது எந்தச் சங்கச் செயலாளருக்கும் கடினமன்று.

ஆனால் சில எல்லைகளை மறத்தலாகாது. முதலாவது, பிள்ளையின் சம்மதமின்றி மேடையேற்றலாகாது. இரண்டாவது, ஆயுதத்தைப் போற்றும் முழக்கங்கள் அங்கு வேண்டாம். நாம் பாராட்டுவது அப்பிள்ளை தாங்க முன்வந்த பொறுப்பையே. மூன்றாவது, பிள்ளையோடு பெற்றோரையும் அழைத்தல் வேண்டும். அவர்களுடைய பயமும் அந்த மேடையிலே மரியாதை பெறவேண்டும். நான்காவது, முதலாம் ஆண்டிலே ஒரு பிள்ளை இது தனக்கு ஏற்றதன்று என்று கண்டு திரும்பி வருமாயின், அதைத் தோல்வி என்று எவரும் பேசலாகாது. பாராட்டு, திரும்பி வரும் வழியை அடைக்கும் மதிலாக அமைந்துவிடக் கூடாது.

கிங்ஸ்ரன் கல்லூரியின் வாசலிலே நினைவு வளைவு ஒன்று உண்டு. போர்களில் உயிர்நீத்த பழைய மாணவர்களுக்காக 1924இல் திறந்து வைக்கப்பட்டது அது. புதிய மாணவர்கள் அணிவகுத்து அதனூடாகக் கல்லூரிக்குள் நுழைவர். பட்டம் பெற்று வெளியேறுகையில் மீண்டும் அதனூடாக நடப்பர். தாம் ஏற்பது எத்தகைய கடமை என்பதை அக்கல்லூரி முதல் நாளிலேயே மறைக்காமற் காட்டிவிடுகின்றது.

நாமும் மறைக்கவேண்டியதில்லை. அந்தக் கற்பனை வீட்டின் தாயிடம் பயப்படவேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. பயத்தோடே மண்டபத்துக்கு வாருங்கள், அம்மா. மகளின் பெயர் அழைக்கப்படும்போது பக்கத்திலிருப்பவர், "பிள்ளை எங்கே படிக்கப் போகிறா?" என்று கேட்டால், முழு உண்மையையும் சொல்லுங்கள். அவள் முதலிற் கேட்க விரும்பும் பாராட்டு உங்களுடையதே.