மின்நூல் உரிமை யார் கையில்?

சிட்னியின் வில்லாவுட் குடிவரவுத் தடுப்பு முகாமில் அடைபட்டவர்களைப் பற்றி ஓவியர் சஃப்தர் அகமது வரைந்த சித்திரக்கதை 2015-இல் இணையத்தில்தான் முதலில் வந்தது. இதழியலுக்கான வாக்லி விருதும் பெற்றது. அது வளர்ந்து 'ஸ்டில் அலைவ்' என்ற நூலானது 2021-இல். பதிப்பாளர் இல்லாமலே வாசகரிடம் போய்ச் சேரலாம் என்றாகிவிட்ட காலத்தில், ஒரு பதிப்பாளரின் கைமுதல் எழுத்தாளரிடம் எழுதி வாங்கும் உரிமைதான்.

சிட்னித் தமிழர் பலர் நூலைச் சென்னையில் அச்சிடுகிறார்கள், பல நேரம் சொந்தக் காசில். முன்னூறு பிரதி, வெளியீட்டு விழா, பொன்னாடை எல்லாம் இருக்கும். ஒப்பந்தம் மட்டும் இருக்காது. பிறகு ஒருநாள் அதே நூல் பதிப்பகத்தின் கணக்கில் கிண்டிலில் விற்றுக்கொண்டிருக்கும். எத்தனை விற்றது என்பது கணக்கு வைத்திருப்பவருக்கே வெளிச்சம்.

பதிப்புரிமை எழுதிய உடனேயே எழுதியவருக்கு வந்துவிடுகிறது. பதிவு செய்யத் தேவையில்லை. அது இன்னொருவருக்குக் கைமாற இந்தியாவிலும் ஆஸ்திரேலியாவிலும் எழுத்தும் கையெழுத்தும் வேண்டும். இந்தியச் சட்டம் இன்னும் ஒருபடி மேலே போகிறது. ஒப்பந்தத்தில் காலம் சொல்லாவிட்டால் 5 ஆண்டு. எல்லை சொல்லாவிட்டால் இந்தியா மட்டும். வாங்கிய உரிமையை ஓராண்டு பயன்படுத்தாவிட்டால், வேறுவிதமாக எழுதியிராத வரை, அது காலாவதி. (1995-க்கு முந்தைய ஒப்பந்தங்களுக்கு இவை பொருந்தா.) 'எல்லா வடிவங்களிலும், உலகெங்கும், உரிமைக்காலம் முழுதும்' என்ற வரியின் கீழ் கையெழுத்திட்டால் இந்தக் காவல் பெரும்பாலும் போயிற்று.

தானே வெளியிடுவதிலும் பொறி உண்டு. அமேசானின் கேடிபி செலக்ட் திட்டத்தில் சேர்ந்தால் 90 நாள் மின்நூலை வேறு கடையிலோ இணையதளத்திலோ தரக்கூடாது. ஈழத்து நூல்களைத் திரட்டும் 'நூலகம்' இணையதளத்துக்கு இலவசமாகக் கொடுப்பதும் மீறல்தான். நாம் நிறுத்தாவிட்டால் அந்தச் சேர்க்கை தானே புதுப்பித்துக்கொள்ளும்.

செயற்கை நுண்ணறிவு புதிய தலைவலி. 2025 மார்ச்சில் மெல்பேர்ணின் பிளாக் இங்க் பதிப்பகம், நூல்களைச் செயற்கை நுண்ணறிவின் பயிற்சிக்குக் கொடுக்கச் சில நாள் அவகாசத்தில் எழுத்தாளர்களிடம் ஒப்புதல் கேட்டுச் சர்ச்சையானது. கேட்டதாவது நல்லது என்பேன். கேட்காமல் எடுப்பவர்களும் இருக்கிறார்கள்.

கையெழுத்துக்கு முன் கலைஞர்களுக்குச் சட்ட ஆலோசனை தரும் ஆர்ட்ஸ் லா சென்டரிலோ ஆஸ்திரேலிய எழுத்தாளர் சங்கத்திலோ ஒப்பந்தத்தைக் காட்டுங்கள். மின்நூலுக்கு நிகர வருவாயில் 25 விழுக்காடு கேட்பது பேராசையல்ல. அனுமதியின்றி ஏற்றிய நூலை நீக்கச் சொல்லிப் பதிப்பகத்துக்கு எழுதுங்கள். அசையாவிட்டால் அமேசானின் பதிப்புரிமைப் புகார்ப் படிவம் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் வெளியிடும் மின்நூலைத் தேசிய நூலகத்தின் மின்வைப்பில் சேர்க்க வேண்டும். நூலக இரவலுக்கான அரசு இழப்பீடு 2023–24 முதல் மின்நூலுக்கும் உண்டு. நூல் வெளியாகி 5 ஆண்டுக்குள் அதற்குப் பதிந்துவிட வேண்டும்.