ஆமான் பெயரும் கிலுகிலுப்பையும்

கோலார் தங்கவயலின் தமிழ்க் கிறிஸ்தவர்களுக்கு எஸ்தர் என்பது வேதாகமத்தில் படித்துப் பழகிய பெயர். அவ்வரசியின் வரலாற்றை யூதர்கள் ஆண்டுதோறும் தொழுகைக்கூடத்தில் வாசித்து நகைத்து மகிழும் திருநாளே பூரிம். மாசி, பங்குனி மாதங்களில் முழுநிலவை ஒட்டி அது வரும்.

கதையின் தொடக்கத்திலேயே நம் நாடு வந்துவிடுகிறது. பாரசீக மன்னன் அகாஸ்வேரு இந்தியா முதல் எத்தியோப்பியா வரை 127 நாடுகளை ஆண்டவனாம். அவனுடைய அமைச்சன் ஆமான். தன்னை வணங்க மறுத்த மொர்தெகாய் என்னும் யூதன்மேல் கொண்ட சினத்தால், யூதர் அனைவரையும் ஒரே நாளில் கொன்றொழிக்க அவன் ஆணை பெறுகிறான். நாள் குறிக்கச் சீட்டும் போடுகிறான். 'பூர்' என்றால் அந்தச் சீட்டுத்தான். கொலைக்கு நாள் பார்த்த சீட்டே பண்டிகைக்குப் பெயராயிற்று!

நகைச்சுவை கதைக்குள்ளேயே இருக்கிறது. அரசன் பெருமைப்படுத்த விரும்பும் ஒருவனுக்கு என்ன செய்யலாம் என்று மன்னன் வினவுகிறான். அவன் தானே என்று எண்ணிய ஆமான், அரச உடை உடுத்திக் குதிரைமேல் ஊர்வலம் விடலாம் என்கிறான். "அப்படியே மொர்தெகாய்க்குச் செய்" என்று ஆணை பிறக்கிறது. ஆமான் கட்டியங்கூறி முன்னே நடக்கவேண்டியதாயிற்று. பின்னர், தானும் யூதப்பெண்ணே என்று எஸ்தர் துணிந்து உரைக்க, மொர்தெகாய்க்கென நாட்டிய தூக்குமரத்தில் ஆமானே தொங்கினான்.

வாசிப்பில் ஆமான் பெயர் வருந்தோறும் சிறுவர் கிலுகிலுப்பை சுழற்றித் தரையை உதைப்பர். ஒரு சொல்லும் காதுக்குத் தப்பக்கூடாது என்பது விதியாதலால், வாசிப்பவர் அமளி அடங்கும்வரை காத்து நிற்பார்! முற்காலத்தில் பாபிலோன் சிறுவர் ஆமான் உருவத்தைக் கொளுத்தி நெருப்பைத் தாண்டினர். காமன் கொளுத்துவதைக் கண்ட தமிழருக்கு இது வியப்பன்று.

அன்று ஏழைகள் இருவருக்கேனும் ஈதல் வேண்டும். மதுவும் உண்டு. தல்மூதில் ஒரு வேடிக்கைக் கதை: பூரிம் விருந்தில் வெறிகொண்ட ரப்பா என்னும் அறிஞர் தம் நண்பரை வெட்டிவிட்டு, மறுநாள் இறைவனிடம் மன்றாடி உயிர்ப்பித்தாராம். அடுத்த ஆண்டு மீண்டும் அழைத்தபோது, அற்புதம் எப்போதும் நிகழாது என்று நண்பர் நழுவிவிட்டார்.

கொச்சி மட்டாஞ்சேரியில் 1568இல் எழுந்த யூதர் தொழுகைக்கூடம் இன்றும் நிற்கிறது. ஆனால் அவ்வூர் யூதருட் பெரும்பாலோர் 1948க்குப் பின் இஸ்ரேல் சென்றுவிட்டனர்.

ஐரோப்பாவிலோ அற்புதம் நிகழவில்லை. ஏறத்தாழ 60 இலட்சம் யூதர் நாஜிகளால் மாண்டனர். தப்பிப் பிழைத்தோர் சிலர், 1946இல் ஜெர்மனியின் லாண்ட்ஸ்பெர்க் முகாமில் பூரிம் கொண்டாடினர். முன்பு ஹிட்லர் சிறையிருந்து நூல் எழுதிய அதே ஊரில், அவனைப் போலவே வேடம் புனைந்து கூத்தாடினர்.